எந்தத் தெரு?

ராயபுரம், முன்னாள் முதுநிலை மாணவன்

எங்கள் நுண்ணுயிரியல் மேடத்தின் பணி நிறைவுக் கருத்தரங்குக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் நானே தொடங்கிவைக்கிறேன். அவரிடம் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள், திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் கீழே எழுதுங்கள். புகழுரை மட்டும் வேண்டாம். மேடையிலேயே அது தேவைக்கு மேல் பரிமாறப்பட்டுவிட்டது.

கல்லூரி அரங்கில் மராமத்து வேலை நடக்கிறது. அதனால் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். முந்தைய நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் அப்படியே நின்றது. மணமேடையில் திரை கட்டி, அதில் குடல் பாக்டீரியாக்களின் படம் ஓடியது. மலம் என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்தபோதெல்லாம் சமையற்கட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

முதலில் பேசியவர் ஓர் இளம் மருத்துவர். "நம் உடலில் மனித செல்களைப்போல் பத்து மடங்கு பாக்டீரியா இருக்கிறது" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த மேடம் கையைத் தூக்கிவிட்டார். விழா நாயகியே கை தூக்கினால் என்ன செய்வது? மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

"அந்தப் பத்து மடங்கு குத்துமதிப்பாகப் போட்ட கணக்கு. 2016-இல் திரும்ப எண்ணிவிட்டார்கள். எழுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனித செல். அத்தனை பாக்டீரியாவையும் தராசில் வைத்தால் 200 கிராம் தேறும். ஒருமுறை கழிவறைக்குப் போய்வந்தால் யார் பெரும்பான்மை என்பதே மாறிவிடலாம்."

அதன்பிறகு அந்த மருத்துவர் எந்த எண்ணைச் சொன்னாலும் முன்வரிசையை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பாவம், நன்றாகப் பேசக்கூடியவர்.

மற்ற உரைகளை விட்டுவிடுகிறேன். மதியத்துக்குப் பின் நடந்தவற்றில் பாதி எனக்கு நினைவில்லை, வத்தக்குழம்பு அப்படி.

தண்டையார்பேட்டை, ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பர்

நான் மேடையில் பேசவில்லை. பேசியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

1992-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். மேடம் அப்போது முதுநிலை மாணவி. நானும் வேலைக்குப் புதிது. வாந்திபேதியோடு வந்தவர்களின் மாதிரிகள் குவிந்துகொண்டிருந்தன. அரிசி களைந்த தண்ணீர்போலப் போகிற அதே பேதி. காலராக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டி.சி.பி.எஸ். பிளேட்டில் மஞ்சள் மஞ்சளாகக் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள். பார்த்த உடனே காலரா என்று சொல்லிவிடலாம். ஆனால் ஸ்லைடில் வைத்து, ஓ1 வகைக் காலராக் கிருமியைத் திரளவைக்கும் ஓ1 சீரத்தைச் சேர்த்தால் திரளவே இல்லை. பால்போல அப்படியே கிடந்தது.

அன்றைய பாடப்புத்தகப்படி கொள்ளைநோயாகப் பரவும் காலரா என்றால் அது ஓ1 மட்டும்தான். சீரம் கெட்டுப்போயிருக்கும் என்றார் ஒருவர். "காலரா இல்லை என்று எழுதி அனுப்புங்கள்" என்றார் இன்னொரு பெரியவர். மேடம் வேறு புட்டிச் சீரம் எடுத்தார், பழைய ஓ1 கிருமி ஒன்றை அதில் கலந்தார். அது அழகாகத் திரண்டது. அப்படியானால் சீரத்தில் குற்றமில்லை. பிறகு பதிவேட்டைப் புரட்டி என்னிடம் கேட்டார்: "இவர்கள் எல்லாம் எந்தத் தெரு?" எனக்கு எரிச்சல்தான் வந்தது. நோயாளியின் பெயரைத் தேடவே நேரமில்லாத வேளையில் தெருவைக் கேட்கிறாரே என்று. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் ஒரே தெருவிலிருந்து இரண்டு மூன்று பேர், அதிலும் நிறையப் பெரியவர்கள். ஏற்கெனவே காலரா பார்த்த ஊரில் பெரியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும், பிள்ளைகளைத்தானே அது அதிகம் பிடிக்கும்? "இந்த உடம்புகளுக்கு இது புது விருந்தாளி" என்றார். அறிக்கையில் 'காலரா இல்லை' என்று அவர் எழுதவில்லை. 'விப்ரியோ (காலராக் கிருமியின் இனம்), ஓ1 சீரத்தில் திரளவில்லை, மேலும் பார்க்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தார். அதற்கு வாங்கிய வசவைச் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஆண்டு அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். அதற்கு முன் 138 வகைகள் தெரிந்திருந்தன, இது அடுத்தது. கூடவே 'பெங்கால்' என்று ஒரு பெயர். வங்கக் கடலோரத்தில் பரவியதால் வைத்தது. கேட்பவர்கள் வங்காளம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள், முதலில் தலைகாட்டிய மதராஸை யாரும் நினைப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு, காலராவுக்கு ஊர்ப்பெருமை பேசுகிறோமே என்று வெட்கமும் உண்டு. மேடம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பல ஊர் ஆய்வகங்கள் சேர்ந்து உறுதிசெய்தார்கள். கருத்தரங்கில் யாரோ அவர்தான் என்று உளறியதை மேடமே இரண்டு முறை மறுத்தார், நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

காசிமேடு, மீன் வியாபாரம் (மகள் தட்டச்சு செய்கிறாள்)

என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. மூன்று நாளாகப் பேதி. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மாமியார் சொன்னதால் கொடுக்காமல் வைத்திருந்தேன். ஆய்வகத்துக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மலத்தைப் போட்டு, அதைத் துணியில் சுற்றி, அதை மஞ்சள் பையில் வைத்து, பையையும் முந்தானையால் மூடிக்கொண்டு போனேன். டாக்டரம்மா பாட்டிலை வாங்கி எல்லோர் முன்னாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "ஏம்மா வெட்கப்படுகிறாய்? இது உன் பிள்ளை எழுதிய கடிதம். எந்தத் தெரு நீ? அடிபம்பா, லாரித் தண்ணீரா?" என்றார்.

பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது என்று என்னையே மூன்று முறை சொல்லவைத்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுதான் நல்லது, கிடைக்கும்வரை இது என்றார். அங்கேயே கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். மாலையில் பிள்ளை அழுதான், கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணீர் வருவது நல்லது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். பம்பின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் கொளுத்திச் சுட்டார், தெருப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் அடிக்கவிட்டு, சின்னப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். "குடலில் இருக்க வேண்டியது உங்கள் பம்பில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினார். பக்கத்தில் உடைந்த சாக்கடைக் குழாயை மாற்ற நாங்கள் எட்டு மாதம் நடந்தோம். அதை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

மண்ணடி, தனியார் ஆய்வகத்தில் வேலை

எல்லோரும் உருகுகிறீர்கள். என்னை வாய்மொழித் தேர்வில் உட்காரவைத்து, "எஷெரிச் 1885-இல் ஈ.கோலி என்னும் குடல் பாக்டீரியாவை யாருடைய மலத்தில் விவரித்தார்?" என்று கேட்டார். காலரா நோயாளி என்றேன். "பச்சிளங்குழந்தைகள் ஐயா! அது பெரும்பாலும் சாதுவான குடித்தனக்காரன். தண்ணீரில் அதைப் பார்த்தால் அதற்குப் பயப்படாதே, கூட யார் வந்திருப்பார்கள் என்று பயப்படு" என்றார். மதிப்பெண் குறைந்ததுதான் மிச்சம்.

ஆனால் ஒரு நோன்புக் காலத்தில் வீட்டிலிருந்து கடல்பாசி கொண்டுபோனேன். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "நம் பிளேட்டில் இருப்பதும் இதுதான்" என்று ஃபேனி ஹெஸ்ஸின் கதையைச் சொன்னார். கணவர் கிருமி வளர்க்கப் பயன்படுத்திய ஜெலட்டின் வெயிலில் உருகி வழிந்தபோது, தன் சமையலறை ஜெல்லிக்குப் போடும் அகாரை (நம் கடல்பாசிதான்) காட்டியவர் அந்த அம்மாள்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஜெலட்டினை நினைத்துப் பாருங்கள். இப்போதெல்லாம் வீட்டில் கடல்பாசி தட்டில் உறையும்போது எனக்குக் காலனி எண்ணத் தோன்றுகிறது. இதற்கும் மேடம்தான் பொறுப்பு.

ராயபுரம், முன்னாள் முதுநிலை மாணவன்

ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. பழைய சோறு குடலுக்கு நல்லதா என்று கடைசியில் ஒருவர் கேட்டார். கைத்தட்டலை எதிர்பார்த்துத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "எனக்குப் பிடிக்கும், அது சான்று ஆகாது. ஸ்டான்லி மருத்துவமனையில் அதை ஆய்வுக்கே எடுத்திருக்கிறார்கள், முடிவைப் படித்துவிட்டுப் பேசுவோம்" என்று மேடம் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்று. திங்கட்கிழமை மண்டபத்து மேலாளர் தொலைபேசினார். மணமேடை ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில் கிடக்கிறதாம், மருந்தா விஷமா என்று தெரியவில்லையாம். போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர். மூடியில் மேடத்தின் கையெழுத்தில் தேதி, நேரம், 'சமையற்கட்டுக் குழாய்', அதன் கீழே தெருவின் பெயர். இலை போடும் நேரத்தில் எப்போது எழுந்து போனாரோ. 24 மணி நேரம் தாண்டிய மாதிரியைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது என்று அவரிடம்தான் படித்தேன். அங்கேயே கொட்டிவிட்டு, அதே குழாயில் புதிதாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.