லண்டனில் சின்னக் கம்பஸ்: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

செப்டம்பரில் போய் இறங்கிய பிள்ளைகளும் ஜனவரிக்குப் பெட்டி கட்டுகிற பிள்ளைகளும் கேட்பது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஆளுக்கு ஆள் தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, அதனால் இங்கேயே போடுகிறேன். நான் படித்தது லண்டனில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில். இப்போது கல்லடியில் இருக்கிறேன். தம்பி இன்னும் அங்கே படிக்கிறான், காசு விவரமும் சட்ட மாற்றமும் அவன் மூலம் காதுக்கு வந்துவிடும்.

முதலில் ரூம். கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் சொந்தக்காரர் வீட்டில் மலிவாக ஒரு ரூம் இருக்கிறது, எடுக்கவா என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்கிறீர்கள். கம்பஸுக்கு ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடத்தில் எடுங்கள், மாதம் நூறு பவுண் கூடினாலும் பரவாயில்லை என்பதுதான் என் பதில்.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறவர்களுக்குக் கம்பஸ்தான் ஊர். விடுதி, பட்ச், சீனியர், கன்டீன் எல்லாம் ஒரே வளவுக்குள். நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் நாலு பேர் வந்து பேசுவார்கள், சில நேரம் வேண்டாத அளவுக்கு. லண்டனில் சின்னப் பல்கலைக்கழகம் என்றால் பல இடங்களில் ஒரு தெருவில் இரண்டு மூன்று கட்டடம், அவ்வளவுதான். வாசலைத் தாண்டினால் பஸ், கடை, அவசரமாக நடக்கிற சனம். நாலு மணிக்கு வகுப்பு முடிந்தால் ஆளுக்கொரு திசை. வகுப்புக்குப் பிறகு தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிற அரை மணி நேரத்தில்தான் சிநேகிதம் பிடிக்கும், எந்த விரிவுரையாளர் எப்படித் திருத்துவார் என்று தெரியவரும், எங்கே பார்ட் டைம் வேலை இருக்கிறது என்று காதில் விழும். ஒன்றரை மணி நேரப் பயணம் காத்திருக்கிறவர் அதற்கு நிற்கமாட்டார். ஜனவரி இருட்டில் ஒன்பது மணி வகுப்புக்கு எழும்பவும் மாட்டார்.

சொந்தக்காரர் வீடு கெட்டது என்று சொல்லவில்லை. முதல் இரண்டு மூன்று கிழமைக்கு அதைப் போல நிம்மதி வேறில்லை. அதற்குப் பிறகு மாமியின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது, மாமாவின் கடையில் சனிக்கிழமை நிற்பது என்று மெல்ல மெல்லச் சேரும். வாடகை வாங்காத வீட்டில் மாட்டேன் என்று சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு வாய் வராது. கொஞ்சமாவது வாடகை கொடுத்து இருங்கள், மரியாதை இரண்டு பக்கமும் மிஞ்சும்.

மறுகா, முற்பணம். இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு விடுகிறவர் வழக்கமாக ஐந்து கிழமை வாடகைக்கு மேல் முற்பணம் வாங்க முடியாது. வாங்கியதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு உங்களுக்கு விவரம் தர வேண்டும். ஆனால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் அந்தத் திட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை, எழுத்துதான் காவல். தமிழர்தானே, எங்கட ஆள்தானே என்று ரசீது கேட்காமல் விடாதீர்கள். வட்ஸ்அப்பில் ஒரு வரி, வங்கி வழியாகக் காசு, இரண்டும் போதும். ஊரிலிருந்தே படத்தைப் பார்த்து யாருக்கும் காசு அனுப்ப வேண்டாம். வந்த முதல் நாட்களுக்கு கம்பஸ் விடுதியோ தெரிந்த வீடோ பார்த்துக்கொண்டு, நேரில் போய் ரூமைப் பார்த்துப் பிடியுங்கள். வீட்டில் எல்லாருமே முழுநேர மாணவர் என்றால் கவுன்சில் டாக்ஸ் என்கிற உள்ளூர்ச் சபை வரி கிடையாது. கம்பஸில் மாணவர் சான்றுக் கடிதம் எடுத்து கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும், தானாக நடக்காது.

பயணத்துக்கு, 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மாணவருக்கான ஒயிஸ்டர் பயண அட்டை எடுத்தால் கிழமை, மாத சீசன் டிக்கெட்டில் 30 வீதம் குறையும். பஸ்ஸில் ஒரு தடவை அட்டையைத் தட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம். நேரம் இருக்கிற நாளில் பஸ்ஸில் போங்கள், ஊரும் பழகும்.

சரி, படிப்பு. சின்னக் கம்பஸில் ஒளிய இடமில்லை. பன்னிரண்டு பேர் வட்டமேசையில் இருக்கிற வகுப்பில் உங்கள் கதிரை காலியாக இருந்தால் எல்லாருக்கும் தெரியும். உங்கள் விசாவுக்குப் பொறுப்பு நிற்பது பல்கலைக்கழகம். நீங்கள் படிப்பில் கலந்துகொள்கிறீர்களா என்று கவனித்து, இல்லையென்றால் உள்துறை அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டிய கடமை அதற்கு உண்டு. இதைக் கேட்டுப் பயப்படுகிற பிள்ளைகள் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் சின்னக் கம்பஸின் பெரிய லாபம். உங்கள் பெயர் அலுவலகத்தில் தெரியும், காய்ச்சல் வந்து இரண்டு நாள் வராவிட்டால் யாராவது மின்னஞ்சல் போட்டுக் கேட்பார்கள். முப்பதாயிரம் பேர் படிக்கிற இடத்தில் அது நடக்க நாளாகும்.

அந்த லாபத்தை எடுக்க வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு விரிவுரையாளரும் கிழமையில் ஒரு மணி நேரமாவது மாணவரைச் சந்திக்க ஒதுக்கி வைத்திருப்பார். பெரும்பாலும் ஒருவரும் போவதில்லை. நான் கட்டுரையை முழுதாக எழுதாமல், இரண்டரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். என் விரிவுரையாளர் அம்மா பென்சிலை எடுத்து முதல் ஒன்றரைப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரே கோடு. மூன்றாவது பந்தியின் இரண்டாவது வசனத்தில் ஒரு வட்டம். “இதுதான் உன் கட்டுரை, இங்கே தொடங்கு” என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் பள்ளிக்கூடப் பழக்கத்தில் முன்னுரையில் தமிழன் வரலாறு தொடங்கித்தானே வருவோம்! அங்கே கேள்விக்கு நேரே போக வேண்டும்.

வகுப்பில் பேசுவது இன்னொரு பாடு. சேர் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகிய நாங்கள், கேட்காமலே இடையில் புகுந்து பேசுகிற வகுப்பில் ஊமையாகிவிடுவோம். ஒரு தந்திரம் சொல்கிறேன். வாசிக்கத் தந்ததில் விளங்காத ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு போய், தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போக வாய் பூட்டிக்கொள்ளும். பேராசிரியரை முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கூச்சமாகத்தான் இருக்கும். தம்பி இன்னும் மின்னஞ்சலில் பெயருக்கு முன்னால் ‘டியர் புரொபெசர்’ போடுகிறான், யாரும் குறை சொன்னதில்லை.

நூலகம் சின்னதாக இருக்கும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். உங்கள் கம்பஸ் லண்டன் பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் ஒன்று என்றால் புளூம்ஸ்பரியில் இருக்கிற செனட் ஹவுஸ் நூலகத்துக்குப் போகலாம். இல்லையென்றாலும் செயின்ட் பாங்க்ராஸில் பிரிட்டிஷ் நூலகம் இருக்கிறது, வாசகர் அட்டை இலவசம். குளிர் காலத்தில் ரூம் ஹீட்டர் செலவும் மிச்சம்.

வட்ஸ்அப் குழுக்களில் ‘அசைன்மென்ட் செய்து தரப்படும்’ என்று தமிழிலேயே விளம்பரம் வரும். அந்த வியாபாரம் இங்கிலாந்தில் 2022 முதல் சட்டப்படி குற்றம். செய்து கொடுத்தவன் மறைந்துவிடுவான், கம்பஸ் விசாரணையில் இருக்கப்போவது நீங்கள். படிப்பிலிருந்து நீக்கினால் விசாவும் அதோடு போகும்.

இனி வேலை. இதில்தான் ஊரில் ஏஜென்சிக்காரர் சொல்கிற பொய் அதிகம். வேலை செய்தே பீஸ் கட்டலாம் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணி நேரம்தான் வேலை. 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண் ஆனது, ஏப்ரலுக்கு ஏப்ரல் கொஞ்சம் கூடும். அந்தக் கணக்கில் கிழமைக்கு 244 பவுண், மாதத்துக்கு 1,058 அளவில் வரும், அதுவும் ஒரு கிழமையும் விடாமல் வேலை கிடைத்தால். லண்டனில் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,529 பவுண் கையில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரிலிருந்து விசா விதியே கேட்கிறது. சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் போதாத காசில் பீஸ் எங்கே கட்டுவது? எங்கள் பக்கம் வீடு பெண் பிள்ளைக்குத்தான். அந்தச் சீதன வீட்டை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்புகிற தாய் தகப்பன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இருபது மணி என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்தக் கிழமை பத்து, அடுத்த கிழமை முப்பது என்று சராசரி பார்க்க முடியாது. மாஸ்டர்ஸ் செய்கிறவர்கள் இன்னொன்று கவனியுங்கள்: கோடை மாதங்களில் நீங்கள் ஆய்வறிக்கை எழுதுகிறீர்கள், அது பெரும்பாலும் உங்களுக்கு விடுமுறையாகக் கணக்கில் வராது. இளங்கலைப் பிள்ளை முழுநேரம் வேலை செய்கிறானே என்று நீங்களும் போனால் விதியை மீறியதாகிவிடும். தவணைத் தேதியை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பற்றியும் பலர் கேட்டீர்கள். ஊபர் ஈட்ஸ், டெலிவரூ போன்றவற்றில் ஓடுவது சுயதொழிலாகத்தான் கணக்கு, மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. இன்னொருவருடைய கணக்கைக் கிழமை வாடகைக்கு எடுத்து ஓடுகிற வழக்கமும் உண்டு. வீதியில் அதிகாரிகள் நிறுத்திப் பார்க்கிறார்கள், பிடிபட்டால் படிப்பு அத்தோடு சரி. கம்பஸுக்குள்ளேயே நூலகம், சேர நினைக்கிறவர்கள் வந்து பார்க்கிற ‘ஓபன் டே’ உதவி, அவர்களுக்குக் கம்பஸைக் காட்டுகிற மாணவர் தூதர் என்று வேலைகள் வரும். சின்னக் கம்பஸில் போட்டி குறைவு, உங்கள் பாடநேரமும் அவர்களுக்குத் தெரியும். முதல் கிழமையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

வைத்தியம்: விசாவோடு வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டித்தான் போகிறீர்கள். அப்படியிருக்க நோய் வந்தபிறகு ஏன் ஓடித் திரிய வேண்டும்? போய் இறங்கிய கிழமையே பக்கத்து குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள். பல்லுக்கும் கண்ணாடிக்கும் தனிக்காசு. பல் வேலையை ஊரிலேயே முடித்து, கண்ணாடி இரண்டு சோடி செய்துகொண்டு போங்கள். பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை, இறைச்சி, நெய் வேண்டாம், விடமாட்டார்கள். தூளும் பிட்டுக்கு மாவும் போதும், மிச்சமெல்லாம் டூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் கிடைக்கும். எருமைத் தயிரை மட்டும் மறந்துவிடுங்கள்.

அம்மாவோடு பேசுகிற நேரம் ஒரு பிரச்சினைதான். குளிர் காலத்தில் லண்டனுக்கும் ஊருக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். நீங்கள் இரவு ஒன்பதுக்கு ரூமுக்கு வரும்போது இங்கே விடியப்புறம் இரண்டரை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டே எடுங்கள், இங்கே விளக்கு வைத்து முடிந்த நேரம், வீட்டில் எல்லாரும் இருப்பார்கள்.

தமிழர் சகவாசம் வேண்டுமென்றால் சின்னக் கம்பஸில் தமிழ்ச் சங்கம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். யூசிஎல், இம்பீரியல் போன்ற பெரிய இடங்களில் உண்டு, அவர்களுடைய நிகழ்ச்சிகளுக்கு வெளியாட்களும் போகலாம். அங்கே பிறந்த பிள்ளைகள்தான் அதிகம், பேச்சு இங்கிலீஷில் ஓடும். கோயிலிலோ கடையிலோ மட்டக்களப்பு என்று சொன்னால், வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்ற பழைய பகிடியை யாராவது எடுத்துவிடுவார்கள். ஆமாம், வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

கருத்துப் பகுதியில் கேட்டவர்களுக்கு:

தொழுகைக்கு இடமும் நேரமும் கிடைக்குமா என்று கேட்ட சாய்ந்தமருதுத் தம்பி, பொதுவாக எல்லா மதத்தாருக்குமான ஓர் அறை இருக்கும், சின்ன இடத்தில் அதுவும் சின்னதுதான். டிசம்பரில் நாலு மணி அளவிலேயே மஃரிப் என்கிற அந்தித் தொழுகை வந்துவிடும், மதியத்து ளுஹரும் பின்னேரத்து அஸரும் வகுப்பு நேரத்துக்குள். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு விழுந்தால் அட்டவணை வந்த அன்றைக்கே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், குழு மாற்றித் தரக் கேட்கலாம். ஹலால் சாப்பாட்டுக்கு வைட்சாப்பல் பக்கம் போனால் பஞ்சமே இல்லை.

வாகரைத் தங்கச்சி கேட்டது: மாரி வெள்ளம் வீட்டுக்குள் வந்து, வீட்டாரோடு தொடர்பே இல்லாமல் போன கிழமையில் கட்டுரை கொடுக்க வேண்டியிருந்தால்? கட்டுரைக் காலமும் எங்கள் வெள்ளக் காலமும் நவம்பர், டிசம்பரில் ஒன்றாகத்தான் வரும். இதற்கென்று ஒரு படிவம் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. பொதுவாகக் கெடு முடிவதற்கு முன்பு கொடுக்க வேண்டும், தேதியோடு ஆதாரம் வேண்டும். செய்தி இணைப்பு, வீட்டுப் படம், கிராம சேவகர் கடிதம், எது கிடைத்தாலும் மொழிபெயர்த்து வையுங்கள். படிவத்தை அனுப்பிவிட்டு உங்கள் டியூட்டரிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எந்தக் கல்லூரியை நம்பிக் காசு கட்டலாம் என்று கேட்ட, திருக்கோவிலில் இருந்து ஜனவரிக்குப் போக இருக்கிற தம்பிக்கு: பெயரில் ‘லண்டன்’ இருக்கிறது என்பதற்காகக் காசு கட்டிவிடாதீர்கள். வேறு பல்கலைக்கழகத்தின் பட்டத்தைக் கொடுக்கிற கல்லூரிகளும் உண்டு. விசாவுக்குப் பொறுப்பு நிற்க அனுமதி பெற்றவர்களின் பட்டியலான, உள்துறை அலுவலகத்தின் மாணவர் அனுசரணையாளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, இங்கிலாந்தின் உயர்கல்வியைக் கண்காணிக்கிற ‘ஆபிஸ் ஃபோர் ஸ்டூடன்ட்ஸ்’ அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா, பட்டம் யார் பெயரில் வரும், மூன்றையும் பாருங்கள். திரும்பி வந்து அரச வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்றும் விசாரியுங்கள். படித்து முடித்து அங்கே நிற்கிற விசா இதுவரை இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற இளங்கலை, முதுகலைக்காரருக்கு 18 மாதம். ஏஜென்சிக்காரர் இன்னும் இரண்டு வருடம் என்றுதான் சொல்வார். அவர் அனுப்புகிற இணைப்பில் பார்க்காமல் நீங்களே தேடிப் பாருங்கள்.