வீட்டில் வாசிக்க எந்த ஆம்ப்?

புதுக்கம்பி: எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இருப்பது அடுக்குமாடி வீடு, பட்ஜெட் 15,000 ரூபாய். 20 வாட் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) போதுமா, இல்லை 40 வாட் எடுக்கலாமா? ப்ளூஸ்தான் அதிகம் வாசிப்பேன்.

மொட்டைமாடி: வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது, 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 20 வாட்டே பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டப் போதும். ஸ்பீக்கர் அளவைப் பாருங்கள். 8 அங்குலத்துக்குக் கீழே போனால் தகர டப்பா மாதிரி இருக்கும் (என் காதுக்கு).

ஆறாவதுகம்பி: ப்ளூஸ் என்றதும் வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களில் ஓடும் பழைய வகை) ஆசை வரும், இப்போதைக்கு வேண்டாம். வால்வு கொஞ்சம் திணறும்போதுதான் அந்தக் கரகரப்பு வரும், அதற்குப் பெரும்பாலும் வால்யூமை நன்றாக ஏற்ற வேண்டும், அடுக்குமாடியில் எங்கே முடியும்? மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலில் போலச் செய்வது) எடுங்கள், குறைந்த சத்தத்திலும் அந்தக் கரகரப்பு கிடைக்கும். அப்புறம், கடைக்கு உங்கள் கிட்டாரையே கொண்டு போங்கள். நான் கடைக்காரர் கையில் இருந்த விலையுயர்ந்த கிட்டாரின் சத்தத்தில் மயங்கி வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து முழித்தேன்.

புதுக்கம்பி: சரி, ஹெட்ஃபோன் ஜாக் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கு நேரமே கிடைக்கிறது.