கொரோனா வார்டில் வேலை பார்த்த பிசியோக்களே (பிசியோதெரபிஸ்ட்களே), உங்களை இன்னும் விடாத அனுபவம் எது?

ஐசியூ பிசியோ:
ப்ரோனிங் டீமில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவரைக் குப்புறப் புரட்ட ஐந்தாறு பேர், டியூப் கழன்றுவிடாமல் தலைமாட்டில் ஒருவர், 16 மணி நேரம் கழித்து மறுபடி மல்லாத்த வேண்டும், அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கு நேரமாகிவிடும். அப்படிப் பல நாள் புரட்டிய ஒருவர் வென்டிலேட்டரிலிருந்து மீண்டு வந்தார். முதல்முறையாகக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தேன். தொடையில் சதையே இல்லை. என் முன்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பாதம் தரையில் பட்டதும் பெருவிரலை மட்டும் அசைத்துப் பார்த்தார். ஆக்சிஜன் 93லிருந்து 85க்கு இறங்கியது. படுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் என்று விரலால் காட்டினார்.

மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள். இரவே போய்விட்டாராம். சரி என்று சொல்லிவிட்டு, புது ஆளின் முழங்காலை மடக்கி நீட்ட ஆரம்பித்தேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவர் போனதைவிட அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

தோள்மூட்டு:
நான் ஓபியில் முதுகுவலி, தோள்வலி பார்த்துக்கொண்டிருந்தவள். 2020ல் அவசரப் பயிற்சி கொடுத்து ஐசியூவுக்கு மாற்றினார்கள். நெஞ்சில் கை வைத்தால் சளி எங்கே குறுகுறுக்கிறது என்று தெரிய வேண்டும் இல்லையா, இரண்டு ஜோடி கையுறைக்கு அடியில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு அம்மா என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன் கை எப்படி இருக்கும், காட்டேன்" என்றார். காட்ட முடியாது என்று எப்படிச் சொல்வது? பேச்சை மாற்றிவிட்டேன். ஷிப்ட் முடிந்து கையுறையைக் கழற்றும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

பழைய கை:
முதல் பதிவு எழுதியவருக்கு: எனக்கும் அந்த வார்டில் இப்படி ஆனது, அதை விடுங்கள். நீங்கள் சொல்வது பர்ன்அவுட்டின் அறிகுறி. உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஐசிடி-11 என்ற நோய், உடல்நல வகைப்பாட்டுப் பட்டியலில் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, நம்மால் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். நேரத்துக்குத் தூங்குங்கள். வீட்டில் வார்டைப் பற்றிப் பேசாதீர்கள். மூச்சுப் பயிற்சியை நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாது, நீங்களும் செய்யுங்கள். தினமும் நடந்தது இரண்டு வரி எழுதி வையுங்கள். வாரத்தில் ஒருநாள் போனை அணைத்து வையுங்கள். முடியவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடைப்பயிற்சி:
கடைசி வரியைத் தவிர மற்றதை ஏற்க மாட்டேன். அதே ஐசிடி-11 இதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தில் நீடித்த அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததன் விளைவு என்றுதான் சொல்கிறது. அப்படியிருக்க, மருந்தை மட்டும் ஏன் நம் வீட்டில் தேட வேண்டும்? ஒரே ஆளை வாரம் முழுக்க ப்ரோனிங்கில் போடாமல் மாற்றிவிட வேண்டும். ஒருவர் இறந்தால், அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச இடம் வேண்டும். அதைக் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது கொரோனாவுக்கு அப்புறம் நடந்தது. லாங் கோவிட்டோடு, அதாவது கொரோனா போன பிறகும் விடாத உபாதைகளோடு வந்தவர் ஒரு நர்ஸ். படி ஏறும் பயிற்சியை மெல்ல மெல்லக் கூட்டலாம் என்றேன். "இன்றைக்கு ஏறிவிடுவேன், நாளைக்குப் பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க முடியாது" என்றார். கூட்டுவதை விட்டுவிட்டு, எதை எவ்வளவு குறைக்கலாம் என்று இருவருமாக அவருடைய நாளைப் பிரித்து எழுதினோம். எழுதி முடித்ததும், "நீங்க எப்போ ஓய்வு எடுப்பீங்க?" என்று கேட்டார். அடுத்த நோயாளி கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

ஐசியூ பிசியோ:
அந்தப் பத்து நிமிடத்தை எங்கள் வார்டில் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. இங்கே யாருக்காவது கிடைத்ததா? எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.