கலைச்சொல் உதவி: கார்க் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமும் வி.எல்.டி.யும்

வணக்கம்.

கார்க் கண்ணாடிமேல் ஒட்டும் டிண்ட் ஃபிலிம், வி.எல்.டி. (விசிபிள் லைட் டிரான்ஸ்மிஷன், அதாவது கண்ணாடி உள்ளே விடும் வெளிச்சத்தின் விழுக்காடு), வண்டியில் செய்யும் மாடிஃபிகேஷன், பாலிசியில் வரும் எண்டார்ஸ்மென்ட் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் போன வாரம் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளை ஒரு தாளில் எழுதி வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்ட காரணத்தை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். ஒரு மோட்டார் காப்பீட்டு விண்ணப்பப் படிவத்தையும் அதோடு தரும் விளக்கத் தாளையும் தமிழாக்குகிறேன். படிக்கப்போகிறவர் சொந்தக் கார் வைத்திருப்பவர் அல்லது டாக்சி ஓட்டுபவர். அவருக்குப் புரியாத சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

> கருங்கண்ணாடி என்றே வைக்கலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 100-ஆவது விதி என்ன சொல்கிறது? முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தையும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 விழுக்காட்டையும் உள்ளே விட வேண்டும். அந்த அளவுக்குள் கண்ணாடியே நிறத்தோடு தயாராகி வந்தால் குற்றமில்லை. கடையில் வாங்கி மேலே ஒட்டுவது வேறு சங்கதி. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஃபிலிம் எவ்வளவு வெளிச்சம் விட்டாலும் சரி, ஒட்டவே கூடாது என்றது. ஆக, வழக்கே இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் நின்றது. இரண்டையும் 'கருங்கண்ணாடி' என்ற ஒரே சாக்கில் கட்டினால், ஷோரூமில் இருந்து வந்தபடியே வண்டி ஓட்டுகிறவர் வீணாகப் பயப்படுவார். ஃபிலிம் ஒட்டியவரோ 'நம்முடையது கறுப்பே இல்லையே' என்று நிம்மதியாக இருப்பார். நிறமே தெரியாத, வெயிலின் சூட்டை மட்டும் தடுக்கும் ஃபிலிமும் கடையில் கிடைக்கிறது.

> குளிர்கண்ணாடி?

கூலிங் கிளாஸ் போட்டவர் நினைவுதான் வருகிறது.

> நிழற்படலம். அழகான சொல், பொருளும் பொருந்துகிறது.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. தட்டச்சு செய்து பார்த்தபோது அச்சகத்துத் தம்பி 'நிழற்படம்' என்று திருத்தி அனுப்பிவிட்டார். 'நிழற்படம் ஒட்டியிருந்தால் குறிப்பிடவும்' என்று படிவத்தில் வந்தால், பாஸ்போர்ட் அளவு போட்டோவை ஒட்டி அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் நான் வந்து சேர்ந்தது: உருக்கும்போதே நிறம் சேர்த்தது 'நிறக்கண்ணாடி', மேலே ஒட்டுவது 'ஒட்டுப்படலம்'. 'ஒட்டு' என்ற சொல் யார் செய்த வேலை என்பதைச் சொல்லிவிடுகிறது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

இனி வி.எல்.டி. இதில்தான் அதிகம் இடறினேன்.

> காணொளி புகுவிகிதம்

காண் + ஒளி, இலக்கணப்படி குற்றமே இல்லை. ஆனால் அந்தச் சொல்லை வீடியோ எடுத்துக்கொண்டு போய் வெகுநாளாகிவிட்டது.

> ஒளிவிடு விழுக்காடு

விளக்கும் ஒளிவிடும், வைரமும் ஒளிவிடும். கண்ணாடி தானாக ஒளிர்கிறது என்று பொருள்படுகிறது. 'கண்ணுறு ஒளி ஊடுகடத்துதிறன்' என்று ஓர் இயற்பியல் ஆசிரியர் எழுதியிருந்தார். துல்லியம் என்றால் அதுதான். படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காது என்பது ஒன்றே குறை.

'ஒளிபுகா' என்பது பள்ளியிலேயே காதில் விழுந்த சொல். அதைத் திருப்பிப் போட்டு 'ஒளிபுகு விழுக்காடு' என்கிறேன். சூடு வேறு, வெளிச்சம் வேறு என்பது இதில் வருமா என்று கேட்பீர்கள். வரும். பேச்சு வழக்கில் ஒளி என்றால் கண்ணுக்குத் தெரிவதுதானே.

'புகு' இருந்தே ஆகவேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. கடையில் 'எழுபது ஒட்டட்டுமா, ஐம்பது ஒட்டட்டுமா' என்று கேட்டால், நம்மவர் அதைக் கறுப்பின் அளவு என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் எண் குறையக் குறையத்தான் இருட்டு கூடும். அப்புறம் இன்னொன்று. கண்ணாடி தானே 70 விழுக்காடு விடுகிறது, அதன்மேல் 70 விழுக்காட்டுப் படலம் ஒட்டுகிறீர்கள் என்றால், உள்ளே வருவது 70 இல்லை. எழுபதில் எழுபது விழுக்காடு, அதாவது 49. பக்கவாட்டுக் கண்ணாடிக்கான வரம்பைத் தாண்டியாயிற்று. டிண்ட் மீட்டர் அளப்பது கண்ணாடியும் படலமும் சேர்ந்து விடும் வெளிச்சத்தை. ஃபிலிம் டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை அல்ல.

விளக்கத் தாளில் சேர்க்கவேண்டிய ஒரு செய்தி: 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், உட்புறம் பிளாஸ்டிக் படலம் பொருந்திய கண்ணாடியையும் ஏற்கிறது. அதை வைத்து, 70, 50 என்ற வரம்புக்குள் படலம் ஒட்டிக்கொள்ளலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சோதனைச் சாவடியில் நிறுத்தும் காவலரிடம் இதை எப்படி விளக்குவது என்பதற்கு என்னிடம் கலைச்சொல் இல்லை.

கடைசியாகப் படிவத்தின் கேள்வி. 'வண்டியில் மாற்றம் உண்டா?' என்று முந்தைய தமிழ்ப் படிவத்தில் இருக்கிறது. நம்மூரில் மாற்றம் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றம். 'பிற்பொருத்தம்' என்று ஒருவர் சொன்னது, கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது போல இருக்கிறது. நிபந்தனைப் பகுதியில் 'மாற்றியமைப்பு' என்று வைத்துக்கொள்கிறேன். கேள்வியில் சொல்லே வேண்டாம், வாக்கியமே போதும்: 'வண்டி வாங்கிய பிறகு அதில் எதையாவது மாட்டியிருக்கிறீர்களா, ஒட்டியிருக்கிறீர்களா, மாற்றியிருக்கிறீர்களா?'

---

லண்டனிலிருந்து ஒரு குறிப்பு, அண்ணா. ஒட்டுப்படலம் இங்கும் பொருந்தும். 1985 ஏப்ரல் முதல் பயன்பாட்டுக்கு வந்த வண்டிகளுக்கு முன்கண்ணாடி 75, முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 70. பின்னால் எவ்வளவு இருட்டாக்கினாலும் சட்டம் கேட்காது, ஆனால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். பின்கண்ணாடிக்குத்தானே, சட்டப்படிதானே என்று சொல்லாமல் விட்டுவிட்டு, நட்ட ஈடு கேட்கும்போது மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. உங்கள் கேள்விக்குக் கீழே 'சட்டம் அனுமதித்ததாக இருந்தாலும் எழுதவும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

---

நல்ல வரி, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எண்டார்ஸ்மென்ட் மட்டும் பாக்கி. வணிகவியல் பாடத்தில் 'மேலெழுத்து' என்று படித்தோம்; அது காசோலையை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தருவது. பாலிசியில் நடப்பது உள்ளதைத் திருத்துவது அல்லது புதிதாகச் சேர்ப்பது. 'திருத்தச் சேர்ப்பு' என்று குறித்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.