ஸ்பிரிங் செக்யூரிட்டி 6: லாகின் பக்கமே திறக்காமல் சுற்றுகிறது

கேள்வி:
ஸ்பிரிங் பூட் (ஜாவா வலை ஃப்ரேம்வொர்க்) 2-இல் ஓடிய அப்ளிகேஷனை 3-க்கு ஏற்றி, ஸ்பிரிங் செக்யூரிட்டி 6 கொண்டு லாகினும் சேர்க்கிறேன். வியூ (பக்கத்தைக் காட்டும் கோப்பு) எல்லாம் ஜேஎஸ்பி. லாகின் பாதைக்கு பெர்மிட்ஆல் (யாரும் வரலாம்), மற்றதற்கெல்லாம் ஆதென்டிகேட்டட் (லாகின் செய்தவர் மட்டும்). பிரவுசரில் திறந்தால் 302-க்கு (வேறு பக்கத்துக்குத் திருப்பும் பதில்) மேல் 302, கடைசியில் ‘டூ மெனி ரீடைரெக்ட்ஸ்’. ஏன்?

பதில் 1:
ஜேஎஸ்பி-தான் காரணம். கன்ட்ரோலர் வியூ பெயரைத் திருப்பியதும், சர்வருக்குள்ளேயே லாகின்.ஜேஎஸ்பி-க்கு ஒரு ஃபார்வர்டு போகும். செக்யூரிட்டியின் பழைய பதிப்பு அதைக் கண்டுகொள்ளாது. 6-ஆம் பதிப்பு அதையும் புது ரிக்வெஸ்ட் போலச் சோதிக்கும். நீங்கள் திறந்துவிட்டது லாகின் பாதையை மட்டும். ஜேஎஸ்பி கோப்பின் பாதை பூட்டியே இருப்பதால் மறுபடி லாகினுக்கே தள்ளுகிறது. டிஸ்பேட்சர்டைப்மேட்சர்ஸ்-இல் (ரிக்வெஸ்டின் வகையைப் பார்த்து விதி வைக்கும் மெத்தட்) ஃபார்வர்டு, எரர் இரண்டுக்கும் பெர்மிட்ஆல் கொடுங்கள். எனிரிக்வெஸ்ட் வரிக்கு (மற்ற எல்லாவற்றுக்குமான விதி) மேலே போடுங்கள். கீழே போட்டால் அப்ளிகேஷன் கிளம்பவே கிளம்பாது. சிஎஸ்எஸ் கோப்புகளையும் திறந்துவிட மறக்காதீர்கள்.

கேட்டவர்:
பக்கம் வந்துவிட்டது, நன்றி. இப்போது சரியான பாஸ்வேர்டு போட்டாலும் ‘பேட் கிரெடென்ஷியல்ஸ்’. பாஸ்வேர்டை ஹாஷாக்க பிகிரிப்ட்பாஸ்வேர்ட்என்கோடர்தான். டேபிள் பழையது, பாஸ்வேர்டு காலம் (column) வார்ச்சார் 50, அதாவது 50 எழுத்து வரை.

பதில் 2:
அந்த 50-தான். பிகிரிப்ட் ஹாஷ் (பாஸ்வேர்டுக்குப் பதில் சேமிக்கும், திருப்ப முடியாத உரு) எப்போதும் 60 எழுத்து. மைஎஸ்க்யூஎல்-இல் ஸ்ட்ரிக்ட் மோட் (பொருந்தாத டேட்டாவை மறுக்கும் அமைப்பு) அணைந்திருந்தால் கடைசி 10 எழுத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அப்ளிகேஷனின் லாக் (log) பதிவில் ‘என்கோடட் பாஸ்வேர்ட் டஸ் நாட் லுக் லைக் பிகிரிப்ட்’ என்று வார்னிங் இருக்கும், பாருங்கள். காலத்தை 100 ஆக்குங்கள். பின்னால் அல்காரிதம் மாற்றினாலும் கொஞ்சம் இடம் இருக்கும். வெட்டுப்பட்ட ஹாஷ்களை மீட்க வழியில்லை, பாஸ்வேர்டுகளை ரீசெட் செய்தே ஆகவேண்டும்.

இன்னொன்று: பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. யூடிஎஃப்-8-இல் ‘க’ 3 பைட், ‘கி’ 6 பைட். தமிழில் பாஸ்வேர்டு வைக்க விடுவதென்றால் நீளத்தை எழுத்தில் அல்ல, பைட்டில் எண்ணுங்கள்.

பதில் 3:
உள்ளே போனதும் அட்மின் பக்கத்தில் 403 (அனுமதி இல்லை) வந்தால் ரோல் பெயரைப் பாருங்கள். ரோலைச் சோதிக்கும் ஹேஸ்ரோல் தானாகவே முன்னால் ‘ரோல்_’ சேர்த்துக்கொள்ளும்; டேபிளில் வெறும் ‘அட்மின்’ இருந்தால் பொருந்தாது. போஸ்ட் செய்யும்போது மட்டும் 403 என்றால் ஃபார்மில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளம் உங்கள் பெயரில் ஃபார்ம் அனுப்பாமல் தடுக்கும் ரகசியக் குறி) இல்லை. அதற்காக சிஎஸ்ஆர்எஃப்-ஐயே அணைக்கச் சொல்லும் பதில்கள் நிறையக் கிடைக்கும், கேட்காதீர்கள். ஸ்பிரிங்கின் ஃபார்ம் டேக் போட்டால் டோக்கன் தானே வந்துவிடும்.