பழைய கடைக் கட்டடத்தைப் பழுதுபார்க்க அரசு உதவி உண்டா? (காஞ்சிபுரம்)

பெரிய காஞ்சிபுரத்தில் தாத்தா காலத்துப் பட்டுக்கடை. சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓடு, தேக்கு உத்திரம். போன ஐப்பசி மழையில் பின்கட்டு ஓடு சரிந்தது. உத்திரத்தில் கரையான் வேறு. சரக்கெல்லாம் இப்போது முன்கட்டில்.

பாரம்பரிய நகரங்களை மேம்படுத்த மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த ஹிருதய் திட்டத்தின் 12 ஊர்களில் நம்மூரும் ஒன்று. அது 2019 மார்ச்சோடு முடிந்தது. அதிலும் பணம் பெரும்பாலும் பொது இடங்களுக்குத்தான். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் நாம் இல்லவே இல்லை. வங்கியில் அப்ரூவ்டு பிளான் கேட்கிறார்கள். 80 வருஷக் கட்டடத்துக்குப் பிளானுக்கு எங்கே போக? மூன்று மாதமாக இரண்டு அலுவலகம் ஏறி இறங்கினேன். இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள் என்கிறார்கள். மனசு வரவில்லை.

சொந்தக் கடையை இடிக்காமல் பழுதுபார்க்க மானியமோ குறைந்த வட்டிக் கடனோ வாங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா, எந்தத் திட்டத்தில் வாங்கினீர்கள்?