எட்டு வரை தனியார் பள்ளி, பிறகு அரசுப் பள்ளி: 7.5 சதவீதம் கிடைக்குமா?

கம்பத்துக்காரன்:
தங்கை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, தமிழ்வழி. எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இருந்தாள். இன்ஜினியரிங் ஆசை. மேற்படிப்புக்கு வழிகாட்டும் ‘நான் முதல்வன்’ வகுப்பில் இணையதள முகவரியைப் போர்டில் எழுதிப் போட்டதோடு சரி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவாளா?

கணக்கு வாத்தியார் (ஓய்வு):
தம்பி, பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆனால் தனியார் பள்ளியில் எப்படிச் சேர்த்தீர்கள்? பணம் கட்டியா, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்திலா? இரண்டாவது என்றால், ஒன்பது முதல் அரசுப் பள்ளி என்பதே போதும். பழைய பள்ளியில் அதற்குச் சான்று வாங்குங்கள். ஜூனில் போய் நின்றால் ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள், இப்போதே போங்கள். ஒதுக்கீடு கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். கல்லூரி மாணவிகளுக்கு அரசு மாதாமாதம் தரும் புதுமைப் பெண் 1,000 ரூபாய்க்கும் அதே சான்று உதவும்.

அப்புறம், இன்ஜினியரிங் கட்ஆஃப் 200-க்கு. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. எங்கள் பிள்ளைகள் உயிரியலில் உருப்போட்டுவிட்டுக் கணக்கில் கோட்டை விடுவார்கள். முதலில் கணக்கில் தொகையீட்டை (இன்டக்ரேஷன்) பார்க்கச் சொல்லுங்கள்.

மலர்விழி:
வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் இ-சேவையில் முதல் பட்டதாரிச் சான்றும் போட்டு வையுங்கள். ஒதுக்கீடு இல்லாவிட்டாலும் கட்டணச் சலுகை உண்டு.

கம்பத்துக்காரன்:
நான் பாலிடெக்னிக்தான், டிகிரி இல்லை. எல்கேஜியில் அந்த 25 சதவீத இடம் குலுக்கலில் கிடைத்ததாக அம்மா சொல்கிறார். திங்கட்கிழமை பழைய பள்ளிக்குப் போகிறேன் சார்.